நாற்காலி சட்டமான வழி

2021 செப்டம்பர் 6 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு சிறு மசோதாவை அறிமுகம் செய்தார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்ப்பது மட்டுமே அதன் நோக்கம். ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கிடையே உட்காரும் வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம், வேலைநேரம் முழுவதும் கால்கடுக்க நிற்கும் நிலை கூடாது என்பதே அந்தப் பிரிவின் சாரம். அந்த ஆண்டின் பெரிய செய்திகளுக்கு நடுவே இது அதிகம் பேசப்படாமல் போனது. ஆனால் ஒரு சாதாரணத் தொழிலாளி தன் உயிரையும் உடலையும் காக்கும் சட்டத்தை மாற்ற முடியுமா, முடியும் என்றால் எப்படி என்று கேட்பவர்களுக்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இன்றைய உரையில் ஒரே ஒரு கருத்தை வலியுறுத்தப் போகிறேன். பாதுகாப்புச் சட்டத்தை மாற்றத் தொழிலாளியிடம் உள்ள பெரும் பலம் அவருடைய உடல் அறிந்த உண்மை. அந்த உண்மை அரசு பதில் சொல்லியே தீர வேண்டிய ஆவணமாகும்போதுதான் சட்டம் அசைகிறது. ஆத்திரமும் அனுதாபமும் அதற்குத் துணை நிற்கும். அவற்றால் மட்டும் ஒரு பிரிவு எழுதப்பட்டுவிடாது.

முதலில் அந்த உடல் அறிந்த உண்மை எது என்று பார்ப்போம். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில், இடுப்பளவு மேசைக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள் சீருடையில் நிற்கிறார்கள். வாடிக்கையாளர் வந்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் சேலைகளை உதறிக் காட்ட வேண்டும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவர் போனபின் அத்தனையையும் மடித்து அடுக்க வேண்டும். ஆள் வராத மத்தியானத்திலும் அலமாரியில் சாயக் கூடாது. கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, சூப்பர்வைசர் நடந்துகொண்டிருக்கிறார். அதனால் ஒரு பாதத்தை லேசாகத் தூக்கி, பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் மாற்றிக்கொள்கிறார்கள். காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பி ஏற, கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து அதை மேலே தள்ள வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் தேங்குகிறது, ரத்தக்குழாய் புடைக்கிறது, அதன் உள்ளே இருக்கும் வால்வுகள் தளர்கின்றன. நாம் நரம்புச் சுருட்டல் என்று சொல்லும் நோய் இப்படித்தான் வருகிறது. டென்மார்க்கில் வேலை செய்யும் வயதிலிருந்த 9,000க்கும் மேற்பட்டவர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2005இல் வெளியான ஆய்வு, வேலைநேரத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்பவர்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட முக்கால் பங்கு கூடுதல் என்று கண்டது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 7,300 பேரை ஏறத்தாழ அதே கால அளவுக்குப் பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வில், பெரும்பாலும் நின்றபடி வேலை செய்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட இரு மடங்கு அளவில் இருந்தது. நாற்காலி என்பதை ஒரு சௌகரியமாகப் பார்ப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். இயந்திரத்துக்குப் போடும் தடுப்புவேலி கையைக் காப்பது போலவே நாற்காலி காலைக் காக்கிறது. ஆகவே இது நலச் சலுகையின் கணக்கில் வராது, பாதுகாப்பின் கணக்கில் வரும்.

இந்திய அரசு இதை அறியாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டிய எல்லாத் தொழிலாளர்களுக்கும் தகுந்த இருக்கை ஏற்பாடு இருக்க வேண்டும், இடையே ஓய்வு கிடைக்கும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கூறியது. அதற்கு ஓராண்டு முன்னால் சென்னை மாகாணத்தில் வந்த கடைகள் சட்டம் வேலைநேரத்தை நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. துப்புரவு, காற்றோட்டம், தீத்தடுப்பு பற்றியெல்லாம் பேசியது. இருக்கை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தறியின் முன்னால் நிற்பவருக்குச் சட்டம் தந்த நாற்காலி, அந்தத் தறியில் நெய்த துணியை விற்பவருக்குக் கிடைக்க 2021 வரை ஆனது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த இடைவெளியை எந்த ஆராய்ச்சியாளரும் அரசுக்கு எடுத்துச் சொல்லித் திருத்தவில்லை. நின்றவர்கள்தான் சொன்னார்கள். சட்டத்தை மாற்ற நினைக்கும் தொழிலாளிக்கு இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு பாடம் உண்டு. பெரும்பாலான பாதுகாப்புக் கோரிக்கைகளை வெறும் தாளில் புதிதாக எழுதத் தேவையில்லை. வேறொரு தொழிலில், வேறொரு சட்டத்தில், அதே பாதுகாப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அவருக்கு இருப்பது எனக்கு ஏன் இல்லை என்று கேட்பது, எனக்குப் புதிதாக ஒன்று கொடு என்று கேட்பதைவிட வலுவானது. 2021இல் சேர்ந்த பிரிவின் வாசகம் 1948ஆம் ஆண்டுப் பிரிவின் வாசகத்தை ஒட்டியே இருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

இந்தக் கேள்வியை நம் காலத்தில் முதலில் உரக்கக் கேட்ட இடம் கோழிக்கோடு. அங்கே மிட்டாய்த் தெரு என்று பெயர்பெற்ற கடைவீதியில் தையல் வேலைக்குச் சேர்ந்தவர் பி. விஜி, பெண்கூட்டு விஜி என்றே இன்று அறியப்படுகிறார். பதின்ம வயதிலேயே வேலைக்கு வந்த அவர், தன்னைச் சுற்றிக் கடைகளில் நின்ற பெண்களிடம் கண்ட முதல் துன்பம் நிற்பதுகூட இல்லை, கழிப்பறை இல்லாதது. கழிப்பறை இல்லாத கட்டடத்தில் நாள் முழுவதும் இருக்க வேண்டிய பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்; சிறுநீர்த் தொற்று அவர்களுக்கு வாடிக்கையானது. 2009 வாக்கில் உருவான பெண்கூட்டு என்ற அமைப்பு முதலில் கையில் எடுத்தது இந்தக் கழிப்பறைப் பிரச்சினையைத்தான். அதன் பிறகுதான் உட்காரும் உரிமை வந்தது. இருந்த பெரிய தொழிற்சங்கங்கள் இந்தப் பெண்களைத் தங்கள் உறுப்பினர்களாக எண்ணிப் பார்க்காத நிலையில், அமைப்புசாராத் துறைத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சங்கத்தையும் அவர்கள் கட்டினார்கள். 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் விற்பனைப் பெண்கள், சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தொலைதூர ஊர்களுக்கு மாற்றப்பட்டதை எதிர்த்துக் கடைக்கு வெளியே உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் நூறு நாளைக் கடந்து நீண்டது. உட்காரவே விடாத கடையின் வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களைத் தெருவில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். 2018 ஜூலையில் கேரள அமைச்சரவை 1960ஆம் ஆண்டின் கடைகள் சட்டத்தைத் திருத்த ஒப்புதல் அளித்தது. அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. இருக்கை வசதி கட்டாயமானது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது.

இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் துணிச்சலையே எடுத்துச் சொல்கிறார்கள். துணிச்சல் இருந்தது, அதை மதிக்கிறேன். ஆனால் துணிச்சலை மட்டும் சொன்னால் அடுத்தவர் கற்றுக்கொள்ள எதுவும் இல்லாமல் போகும். அவர்கள் வைத்த கோரிக்கையின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். மரியாதை வேண்டும் என்று கேட்டிருந்தால், மரியாதையாகத்தானே நடத்துகிறோம் என்று முதலாளி சொல்லிவிடுவார், அதை மறுக்க வழியில்லை. நாற்காலி இருக்கிறதா இல்லையா என்பது யார் போய்ப் பார்த்தாலும் தெரியும். கழிப்பறை எத்தனை மாடி தள்ளி இருக்கிறது என்பதை அளந்துவிடலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒரு தாளில் ஆம், இல்லை என்று எழுதிக்கொண்டு போகக்கூடிய கோரிக்கையே சட்டப் பிரிவாக மாறும் தகுதி உடையது. மேலும், அது ஒரு கடையைக் குறித்த புகாராக நிற்கவில்லை. எல்லாக் கடைக்கும் பொதுவான விதி வேண்டும் என்று கேட்டதால், என் கடையை மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாதுகாப்புக்குச் செலவழிக்கும் நல்ல முதலாளி, செலவழிக்காத முதலாளியிடம் வியாபாரத்தில் தோற்றுப்போகாமல் இருக்கவும் பொதுவிதிதான் வழி. தனிக்கடைக்கு எதிரான கோபத்தைப் பொதுவிதிக்கான கோரிக்கையாக மாற்றிய அந்த அறிவுக்கு நாம் போதிய மதிப்பளிக்கவில்லை என்று கருதுகிறேன்.

இதே கதை இங்கிலாந்தில் நூறாண்டுக்கு முன் நடந்திருக்கிறது. மார்கரெட் பாண்ட்ஃபீல்டு பதினான்கு வயதில் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்நாளைய ஆங்கிலேயக் கடைகளில் பணியாளர்கள் முதலாளி ஏற்பாடு செய்த விடுதியிலேயே தங்கி, அவர் போடும் சாப்பாட்டைச் சாப்பிட்டு வேலை செய்தார்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து சென்னையில் கடை விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களையும் பெண்களையும் அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. 2010இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் அதைத் தமிழர்கள் எல்லாருக்கும் காட்டியது. பாண்ட்ஃபீல்டு 1896 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள், பெண்கள் தொழில் மன்றத்துக்காகக் கடை கடையாக வேலைக்குச் சேர்ந்து, வேலைநேரம், சம்பளப் பிடித்தம், படுக்கை, சாப்பாடு எல்லாவற்றையும் குறித்து வைத்தார். அந்த அறிக்கை 1898இல் வெளியானது. கடைப் பணியாளர் சங்கத்தின் இதழில் அவர் எழுதியது கிரேஸ் டேர் என்ற புனைபெயரில். சொந்தப் பெயரில் எழுதியிருந்தால் எந்தக் கடையும் அவரை உள்ளே விட்டிருக்காது. 1899இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடை உதவியாளர் இருக்கைச் சட்டத்தை இயற்றியது. மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் வேறு பலரின் உழைப்பும் உண்டு, எல்லாப் புகழையும் பாண்ட்ஃபீல்டு ஒருவருக்கே கொடுப்பது சரியாகாது. ஆனால் கடைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சட்டம் செய்வோர் மறுக்க முடியாத வடிவில் கொண்டுவந்தது கடைக்குள் நின்ற ஒருவரின் குறிப்பேடு. 1929இல் அவரே பிரிட்டனின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே.

குறிப்பேட்டின் ஆற்றலுக்கு நம் நாட்டிலேயே இன்னும் கடுமையான சான்று உண்டு. கையால் மலம் அள்ளும் வேலையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அதன் பிறகும் வேலை தொடர்ந்தது. மாநில அரசுகளோ எங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு வேலையே இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. கோலார் தங்கவயலில் அந்த வேலையைச் செய்த குடும்பத்தில் பிறந்த பெஸவாடா வில்சன் முன்நின்று நடத்திய சஃபாய் கர்மாச்சாரி ஆந்தோலன், 2003இல் நீதிமன்றத்துக்குப் போனபோது முழக்கங்களோடு நிற்காமல் கணக்கெடுப்போடும் படங்களோடும் போனது. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் உலர்கழிப்பறை இருக்கிறது, யார் அதைச் சுத்தம் செய்கிறார் என்பதை அந்தச் சமூகத்தவரே பதிவு செய்தார்கள். இல்லை என்று அரசு சொன்னபோது, இதோ இருக்கிறது என்று காட்ட முடிந்தது. 2013இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 தீர்ப்பில், 1993க்குப் பின் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் வந்த மற்றொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாக்கடை மரணங்கள் இன்றும் நிற்கவில்லை. அந்த வேதனையை மறைத்துவிட்டு இந்தச் சான்றைச் சொல்வது நேர்மையாகாது. ஆனாலும் இல்லவே இல்லை என்ற அரசின் வாயை அடைத்தது தொழிலாளரே எடுத்த கணக்கு என்பது மாறாத உண்மை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். பாதுகாப்புச் சட்டம் பொறியாளரும் மருத்துவரும் வகுக்க வேண்டியது, தொழிலாளிக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்கப்படுவதுண்டு. போபால் இதற்குப் பதில் சொல்லும். யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் ஃபாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். 1982இல் ஆலையின் தொழிற்சங்கம் ஆபத்தைச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டியது. ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் ஊர் அழிந்துவிடும் என்று தொடர்ந்து எழுதினார். வல்லுநர்களும் நிர்வாகமும் அதிகாரிகளும் கேட்கவில்லை. 1984 டிசம்பர் 2-3 இரவில் நடந்தது உலகம் அறிந்தது. அதற்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோதுதான், உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதினால் அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரவும், பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டுப் பெறவும், ஆய்வாளரிடம் நேராகவே முறையிடவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டது. ஆபத்தை முதலில் அறிந்தவர் யார் என்பதைச் சட்டம் ஏற்க ஆயிரக்கணக்கான உயிர்கள் போக வேண்டியிருந்தது. வல்லுநரின் தேவையை நான் மறுக்கவில்லை. நரம்புச் சுருட்டலுக்கும் நிற்பதற்கும் உள்ள தொடர்பை எண்ணில் நிறுவியவர்கள் அவர்களே. ஆனால் எதை ஆராய வேண்டும் என்ற கேள்வி நிற்பவரின் காலிலிருந்து பிறக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. வாயைத் திறந்தால் வேலை போகுமே என்பது அது. விடுதியில் தங்கியிருக்கும் பணியாளருக்கு வேலை போனால் அன்றிரவு படுக்கவும் இடம் போகும்; ஊரில் வட்டிக்கு வாங்கிய பணம் அப்படியே நிற்கும். திருச்சூர்ப் பெண்கள் சங்கத்தில் சேர்ந்ததற்கே இடமாற்றம் பெற்றார்கள். இந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று பேசுவோர் அதற்கான விலையைத் தாங்கள் கொடுப்பவர்கள் அல்லர். ஆகவே தனி ஆளை முன்னே தள்ளும் எந்த யோசனையையும் நான் ஏற்கமாட்டேன். பயத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் வழிகள் இருக்கின்றன. புகார் கொடுத்தவர் யார் என்பதைத் தொழிலாளர் ஆய்வாளர் முற்றிலும் ரகசியமாக வைக்க வேண்டும், புகாரின்பேரில்தான் வந்தேன் என்ற குறிப்பைக்கூட முதலாளிக்குக் கொடுக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆம் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை 1949இலேயே ஏற்றுக்கொண்டது. இதை எடுத்துக்காட்டி எழுதும் மனுவுக்குத் தனி எடை உண்டு. சங்கத்தை ஒரு கடைக்குள் கட்டாமல் தெரு அளவிலோ தொழில் அளவிலோ கட்டினால், எந்தக் கடையிலிருந்து புகார் போனது என்று கண்டுபிடிப்பது கடினம். ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் விண்ணப்பிக்கலாம் என்பது 1926 முதல் நாட்டில் இருக்கும் விதி. வேலையை விட்டுப் போனவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பணியாளரின் குடும்பத்தார் ஆகியோரின் கையெழுத்துக்கு முதலாளியின் கை எட்டாது. இத்தனைக்குப் பிறகும் ஆபத்து மிச்சமிருக்கும். அது இல்லை என்று நான் சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் யாரும் போராடாமலே இந்தச் சட்டம் வந்ததே, பிறகு தொழிலாளி என்ன செய்தார் என்று கேட்பவர்களும் உண்டு. மசோதாவின் நோக்க உரையைப் பார்த்தால் விடை கிடைக்கும். 2019 செப்டம்பர் 4 அன்று கூடிய மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவின் முன் இந்தத் திருத்தம் வைக்கப்பட்டு, உறுப்பினர் அனைவரும் ஒருமனதாக ஏற்றார்கள். அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் உட்காரும் குழு அது. கேரளத்தின் திருத்தம் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அண்டை மாநிலத்தில் ஒருமுறை எழுதப்பட்ட சட்டம், இங்கே கோரிக்கை வைப்பவரின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. அங்கே நடக்கிறதே, வியாபாரம் படுத்துவிடவில்லையே என்று சொல்ல முடிகிறது. கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் உழைப்பு எல்லை தாண்டி நமக்குப் பயன்பட்டது என்பதே சரியான கணக்கு. எதிர்ப்பு வேண்டிய இடத்தில் இந்த மாநிலம் எதிர்த்தும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிச் சங்கங்கள் உட்பட எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சரின் அறிவிப்பு. நிறைவேறிய மசோதாவையே திருப்ப முடிந்த இடத்தில், ஒரு விதியைச் சேர்க்க வைப்பது நடக்காத காரியமில்லை.

கடைக்காரர்கள் தரப்பில் வைக்கப்படும் வாதம், விற்பனையாளர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்வார் என்பது. இந்த வாதம் நம் ஊர் வழக்கத்துக்கே பொருந்தாது. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் வெள்ளை விரிப்பில் விற்பவரும் உட்கார்ந்து, வாங்குபவரும் எதிரே உட்கார்ந்து சேலை பார்ப்பது நெடுநாள் பழக்கம். அதை அவமரியாதை என்று எந்தக் கல்யாண வீட்டாரும் எழுந்து போனதில்லை. கல்லாவில் முதலாளி உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார். ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடுபவர்கள் உட்கார்ந்தே வேலை செய்கிறார்கள், அங்கே வரிசை வேகமாகவே நகர்கிறது. நிற்க வைப்பது பெரிய கடைகள் வந்தபின் பழக்கப்பட்ட ஒரு மேற்பார்வை முறை. அதை மாற்றக் கடைக்கு ஆகும் செலவு சில ஸ்டூல்கள். கூலியைப் பேசாமல் நாற்காலியைப் பேசுவது ஏன் என்று சங்கத்துக்காரர்களே கேட்பார்கள். கூலி உயர்வு முழங்கால் வீக்கத்தைக் குறைக்காது. தவிர, நாற்காலிக்காக ஒன்றுகூடிய ஏழு பேர் அடுத்த ஆண்டு கூலிக்காகவும் கூடுவார்கள்.

எல்லாவற்றையும்விட அடிக்கடி கேட்கும் மறுப்பு, சட்டம் ஏட்டில்தானே இருக்கிறது என்பது. இதில் பாதி உண்மை உண்டு. 22-அ வந்து ஆண்டுகள் கடந்தும், இருக்கை இருக்கிற கடைகளிலேயே அது துணிப்பொதி வைக்கும் இடமாக இருப்பதைக் காணலாம். காரணம் பிரிவின் வாசகத்திலேயே இருக்கிறது. தகுந்த இருக்கை என்கிறது, எத்தனை என்று சொல்லவில்லை. 1899ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் மூவருக்கு ஒன்று என்று எண்ணியாவது சொன்னது. எங்கே போட வேண்டும் என்பதும் இல்லை. கிடங்கில் நாற்காலி அடுக்கி வைத்தாலும் இருக்கை இருக்கிறது என்று கணக்கு காட்டலாம். உட்கார்ந்தவரைத் திட்டினால், சம்பளம் பிடித்தால் என்ன ஆகும் என்பதும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்று, போதிய இருக்கை தர வேண்டும் என்பதோடு நில்லாமல், அதைப் பயன்படுத்தத் தகுந்த வாய்ப்பும் தர வேண்டும் என்று தனியாகச் சொல்வது இதனால்தான். ஆனாலும் ஏட்டிலுள்ள சட்டம் பயனற்றது என்ற முடிவை நான் ஏற்கவில்லை. 2021க்கு முன் உட்கார்ந்த பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது நாற்காலி போடாத கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க யாராவது வேண்டும் என்பதே மிச்சம்.

எப்படிக் கேட்பது என்பதும் தெரியாத வித்தை இல்லை. ஒரு கடைத்தெருவில் ஏழெட்டுப் பேர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாதம் எழுதி வைக்கட்டும்: எந்த மாடியில் எத்தனை பேர், எத்தனை இருக்கை, எத்தனை மணி நேரம் நின்றார்கள், உட்கார்ந்தபோது என்ன சொல்லப்பட்டது. அந்தக் கணக்கோடு பகுதியின் தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு மனு போகட்டும், நகல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கும் போகட்டும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், இந்த மாவட்டத்தில் 22-அ பிரிவுக்காக எத்தனை கடைகள் ஆய்வு செய்யப்பட்டன, எத்தனைமீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டால், முப்பது நாளில் பதில் தர வேண்டிய கடமை துறைக்கு உண்டு. சுழி என்று பதில் வந்தால் அதுவே சட்டமன்றத்தில் தொழிலாளர் துறை மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஓர் உறுப்பினர் எழுப்பத் தகுந்த கேள்வி. பலரும் கவனிக்காத கதவு ஒன்றும் இருக்கிறது. பல தொழிலாளர் சட்டங்களின்கீழ் விதிகளை வகுக்கும்போது அரசு முதலில் வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். வருபவற்றைப் பரிசீலிக்கவும் வேண்டும். 1897ஆம் ஆண்டின் பொதுக்கூறுகள் சட்டம் சொல்லும் முறை இது. முதலாளிகள் சங்கங்கள் தவறாமல் எழுதுகின்றன. கடைப் பணியாளர்களிடமிருந்தும் கடிதங்கள் குவிய வேண்டும். 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் நிற்பவர்களுக்கு இருக்கை வேண்டும் என்று பட்டியலிட்டிருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான சிறு கடைகளுக்கு மாநிலச் சட்டமே துணை. ஆகவே இரண்டின் விதிகளிலும் மூன்று வரிகள் இடம்பெற வேண்டும் என்று கோர வேண்டும்: ஒவ்வொரு விற்பனைப் பிரிவிலும் ஒரே நேரத்தில் பணியில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்கை, அது வேலை செய்யும் இடத்திலேயே கைக்கு எட்டும் தூரத்தில், வாடிக்கையாளர் இல்லாதபோது அதில் உட்கார்ந்ததற்காகத் திட்டுவதும் பிடித்தம் செய்வதும் விதிமீறல். வரைவு வெளியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; இந்த மூன்று வரிகளையும் எழுதி, கடைத்தெருவில் கையெழுத்து வாங்கி, தொழிலாளர் ஆணையருக்கு இப்போதே அனுப்பலாம்.